தாவர உயிரியலில் என்னென்ன வேலைகள், எப்படிச் சென்று சேர்வது? மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"தாவர உயிரியலாளர் தேவை" என்று வேலை விளம்பரம் வருவது அபூர்வம். அந்தப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, இந்தத் துறையில் வேலையே இல்லை என்று முடிவு கட்டிய மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வேலை இருக்கிறது, வேறு பெயர்களில் இருக்கிறது. பயிர்ப் பெருக்க வல்லுநர், விதைத் தர ஆய்வாளர், திசு வளர்ப்புக் கூட மேலாளர், பயிர் நோயியலாளர், தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரி, மூலிகைத் தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர், உயிர்த்தகவலியலாளர், தாவரவியல் பூங்காக் காப்பாளர், சூழலியல் மதிப்பீட்டாளர் என்று பட்டியல் நீளும். எல்லோரும் அடிப்படையில் செடியைப் படித்தவர்கள்தான். ஆனால் இவர்களில் இருவரை எடுத்துக்கொண்டால், அவர்களுடைய ஒரு நாள் ஒன்றுபோல இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டி பதவிப் பெயரிலிருந்து தொடங்காமல் அன்றாட வேலையிலிருந்து தொடங்குகிறது. உங்கள் கை எதில் இருக்க வேண்டும், கண் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், எந்தப் பட்டம், எந்த ஊர், எந்த ஆய்வகம் என்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

படி 1: எந்தச் சலிப்பைத் தாங்குவீர்கள் என்று பாருங்கள்

"உனக்கு எது பிடிக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்வி இங்கே அவ்வளவாக உதவாது. மழைக்காடு எல்லோருக்கும் பிடிக்கும், மரபணுத் திருத்தம் என்றால் எல்லோருக்கும் கண் விரியும். ஆனால் ஒவ்வொரு வேலையிலும் பெரும்பகுதி நேரம் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் போகிறது. பயிர்ப் பெருக்கம் செய்பவர் வெயிலில் நின்று வரிசை வரிசையாகச் செடியின் உயரத்தை அளக்கிறார். மூலக்கூறு ஆய்வாளர் பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக நீர்மம் மாற்றுகிறார், மூன்று வாரம் உழைத்த சோதனை பலனின்றிப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். வகைப்பாட்டியலாளர் நுண்ணோக்கியின் கீழ் இலைமுடிகளை எண்ணுகிறார். கணினியில் வேலை செய்பவர், நிரலில் ஒரு காற்புள்ளி எங்கே தவறியது என்று அரை நாள் தேடுகிறார்.

இவற்றில் எது உங்களுக்குச் சலிப்பாகவே தெரியவில்லையோ அதுதான் உங்கள் திசை. எந்தச் சூழலில் உங்கள் நாள் கழிய வேண்டும் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்: வயலும் காடும், ஆய்வக மேசை, கணினித் திரை, தொகுப்பகமும் நூலகமும், அல்லது மக்களுக்கு நடுவே. இரண்டு இடங்கள் மனதில் நின்றால் நல்லது. இன்று சுவையான வேலைகள் பலவும் இரண்டு இடங்கள் சந்திக்கும் எல்லையில்தான் இருக்கின்றன.

படி 2: துறைகளை உள்ளே போய்ப் பாருங்கள்

பயிர்ப் பெருக்கத்தை, அதாவது கலப்பு மூலம் புதிய ரகங்களை உருவாக்கும் வேலையை, முதலில் சொல்கிறேன். உலகில் அதிகமானோரின் சாப்பாட்டுத் தட்டைத் தொடும் வேலை இதுதான் என்பது என் எண்ணம். நெல்லில் ஒரு கலப்பு எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். நெற்பூ தன் மகரந்தத்தாலேயே தன்னைச் சேர்த்துக்கொள்ளும் பூ. அதனால் அது திறக்கும் முன்பே அதன் ஆண் பாகத்தை நீக்க வேண்டும். தாயாகத் தேர்ந்த செடியின் கதிரில், பூவுறையின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சிறு கத்தரியால் சாய்வாக வெட்டுவார்கள். உள்ளே 6 மகரந்தப்பைகள் இருக்கும். நுண்ணிய இடுக்கியாலோ உறிஞ்சு குழாயாலோ ஆறையும் எடுத்துவிட வேண்டும், ஒன்று தங்கினாலும் கலப்பு கெட்டுப்போகும். பிறகு காகித உறை போட்டு மூடுவார்கள். மறுநாள் தந்தைச் செடியின் கதிரில் பூ விரியும் நேரத்தில் அந்தக் கதிரை இதன்மேல் உதறுவார்கள். ஒரு சீட்டில் இரண்டு பெற்றோரின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிக் கட்டுவார்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும் என்பதால் பென்சில்.

அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கணக்கில் தேர்வு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 ரகத்தின் முழு எண் ஐ.ஆர். 8-288-3. எட்டாவது கலப்பு, 288ஆம் வரிசை, அந்த வரிசையில் மூன்றாவது செடி என்பது அதன் பொருள். அந்த எண்ணுக்குப் பின்னால், வரிசை வரிசையாக நடந்து நின்று பார்த்த கண்கள் இருக்கின்றன. இன்று நாளுக்கு 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து, கோதுமையில் ஓராண்டில் 6 தலைமுறை வரை எடுக்கும் முறை வந்துவிட்டது. விரும்பிய பண்பு இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளங்களான மரபணுக் குறிப்பான்களை வைத்து நாற்றுப் பருவத்திலேயே தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. வெள்ளத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் நெல் அப்படி வந்ததுதான். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் காட்டினார்கள், பிறகு விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகங்களுக்குள் அதைக் கலப்பு மூலமே கொண்டு சேர்த்தார்கள். இந்தப் பாதையில் பொது ஆராய்ச்சி நிலையங்களிலும் விதை நிறுவனங்களிலும் வேலை உண்டு. வயலும் புள்ளியியலும் சேர்ந்து பிடித்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

பயிர் நோயியல் மருத்துவம் போன்றது, நோயாளி வாய் திறந்து பேசமாட்டார் என்பதுதான் வேறுபாடு. ஒரு செடி திடீரென்று வாடுகிறது. தண்ணீர்க் குறையா, பூஞ்சையா, பாக்டீரியாவா? தண்டின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை நூலாக இறங்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நோயை உறுதியாகச் சந்தேகிக்க இது போதும், மிச்சத்தை ஆய்வகம் சொல்லும். இந்தத் துறை ஏன் தேவை என்பதற்கு 1845இல் அயர்லாந்தைத் தாக்கிய உருளைக்கிழங்குக் கருகல் நோய் ஒன்று போதும். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்று உலகச் சந்தையில் ஓடும் கேவண்டிஷ் வாழைகள் எல்லாம் மரபளவில் ஏறத்தாழ ஒரே செடியின் நகல்கள். டி.ஆர். 4 என்னும் வாடல் பூஞ்சை அவற்றை நாடு நாடாகத் துரத்துகிறது. நோய் கண்டறியும் ஆய்வகம், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வந்திறங்கும் செடிகளைச் சோதித்து நோயைத் தடுக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம், நோயெதிர்ப்பு ரகங்களை உருவாக்கும் குழு என மூன்று பக்கமும் வேலை இருக்கிறது.

மூலக்கூறு உயிரியலும் மரபியலும் ஆய்வக மேசையை விரும்புகிறவர்களுக்கு. இங்கே பெரும்பாலும் ஆராயப்படுவது அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடி. விதையிலிருந்து மறு விதை வரை சுமார் 6 வாரம், ஒரு தட்டில் நூற்றுக்கணக்கில் வளரும். தாவரங்களில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டதும் இதில்தான், 2000ஆம் ஆண்டு. இந்தத் துறையில் நுழைகிறவர்கள் பார்பரா மெக்ளின்டாக்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மக்காச்சோளக் கதிர்களில் மணிகளின் நிறத் திட்டுகளைப் பார்த்து, மரபுக்கூறுகள் குரோமோசோமில் இடம் மாறுகின்றன என்று 1940களிலேயே கண்டார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல். பொறுமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. கிரிஸ்பர் முறை வந்த பிறகு ஒரு மரபணுவை இலக்கு வைத்துத் திருத்துவது மாணவர் அளவிலேயே கைகூடும் வேலையாகிவிட்டது. ஒளிச்சேர்க்கையையே மேம்படுத்தலாம் என்ற பழைய கனவும் நெருங்கி வருகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நிழலுக்கும் வெயிலுக்கும் மாறும்போது இலை விரைவாக ஈடுகொடுக்கும்படி மாற்றப்பட்ட புகையிலைச் செடிகள் வயலிலேயே சுமார் 15 சதவீதம் அதிக எடை கூடின.

வகைப்பாட்டியல் பழைய துறை, முடிந்துபோன துறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 தாவர இனங்கள் அறிவியலுக்குப் புதிதாகப் பெயர் பெறுகின்றன. உலகில் 3000க்கும் மேற்பட்ட ஹெர்பேரியங்களில், அதாவது உலர்தாவரத் தொகுப்பகங்களில், சுமார் 40 கோடி மாதிரிகள் இருக்கின்றன. புதிய இனங்கள் பல காட்டில் கிடைப்பதற்கு முன்பே அந்த அலமாரிகளில் பெயரில்லாமல் படுத்திருக்கின்றன. இந்தப் பாதையில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் செடியைப் பார்த்த மாத்திரத்தில் குடும்பத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. சூழலியல் மதிப்பீடு, காடு மீட்டெடுப்பு, பூங்கா நிர்வாகம் எல்லாவற்றிலும் அவர்களைத் தேடி அழைக்கிறார்கள்.

விதை வங்கிகள் இதன் அருகிலேயே இருக்கும் உலகம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008இல் திறந்த பெட்டகத்தில் விதைகள் மைனஸ் 18 டிகிரியில் உறங்குகின்றன. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே இருந்த மரபுவள வங்கி போரால் எட்ட முடியாமல் போனபோது, அங்கிருந்து முன்பே அனுப்பி வைத்த நகல்களை 2015இல் அந்தப் பெட்டகத்திலிருந்து திரும்ப எடுத்து வேறு நாடுகளில் விதைத்துப் பெருக்கினார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து விதை வெளியே போனது அதுவே முதல் முறை. இதைச் சாத்தியமாக்கியவர்கள் உறையில் சரியான எண் எழுதியவர்களும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முளைப்புத் திறன் சோதித்தவர்களும்தான். கோகோ, ரப்பர் போன்றவற்றின் விதைகளை உலர்த்தினால் செத்துவிடும். அவற்றைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் காக்கும் முறைகளை உருவாக்குவது தனி ஆராய்ச்சியாகவே வளர்ந்திருக்கிறது.

வேதியியல் பிடித்தவர்கள் தாவர வேதியியலைப் பாருங்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் ஒரு தாவரவியலாளர் சேகரித்தார். அதிலிருந்த டாக்ஸால் என்ற சேர்மத்தின் அமைப்பு 1971இல் வெளியானது, புற்றுநோய் மருந்தாக 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மலேரியாவுக்கு எதிரான ஆர்டிமிசினினைத் தந்ததும் ஒரு செடிதான். அதைக் கண்டறிந்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. மருந்து, நறுமணம், உணவு, அழகுப்பொருள் நிறுவனங்களின் ஆய்வகங்களில் இந்தப் படிப்புக்கு நல்ல கிராக்கி.

கணினிப் பக்கம் இன்று மிக வேகமாக விரிகிறது. கோதுமையின் மரபணுத் தொகுதி மனிதருடையதைப் போல ஐந்து மடங்கு பெரியது, முழுமையான வரைவு 2018இல்தான் வெளியானது. அந்த அளவு தரவைப் படிக்கவும், டிரோன் எடுத்த வயல் படங்களிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கவும், செடியும் தெரிந்த நிரலரும் நிரலும் தெரிந்த செடிக்காரரும் தேவைப்படுகிறார்கள்.

இவற்றுக்கு வெளியே கதவுகள் இன்னும் உண்டு. அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கில், 1935இல் ஆர்தர் கோலர் என்ற மர உடற்கூறியலாளர் சாட்சி சொன்னார். குற்றவாளி பயன்படுத்திய ஏணியின் ஒரு சட்டம், சந்தேக நபரின் வீட்டுப் பரண்தளப் பலகையிலிருந்து அறுக்கப்பட்டது என்று ஆண்டு வளையங்களையும் ஆணித் துளைகளையும் பொருத்திக் காட்டினார். மரத்தின் இழையைப் பொறுமையாகப் பார்க்கப் பழகிய ஒருவருக்கு நீதிமன்றத்திலும் வேலை இருந்தது. இன்றும் கடத்தல் மரத்தை அடையாளம் காண இதே திறமை தேவை. அறிவியல் எழுத்து, தாவர ஓவியம், புதிய ரகங்களுக்கான உரிமைச் சட்டம், பள்ளி ஆசிரியப் பணி, செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துப் புதுச் செடியாக்கும் திசு வளர்ப்புத் தொழில் ஆகியவற்றையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பட்டத்துக்கு முன் கையால் சோதியுங்கள்

மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று மனதில் பதிந்திருக்கும். பணமும் ஆண்டுகளும் போடும் முன், மூன்று சிறு சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலாவது, ஒரு செடியைப் பாடம் செய்து வைப்பது. பொதுவாகக் காணக்கூடிய, பூவோ காயோ உள்ள செடி போதும். காப்புப் பகுதிகளிலும் பிறர் நிலத்திலும் அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது. செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகளை விரித்து வையுங்கள். ஓர் இலையையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்புங்கள், அடையாளம் காணும் முடிகளும் சுரப்பிகளும் பல நேரம் அங்கேதான் இருக்கும். மேலே கனம் ஏற்றி, தினமும் தாள் மாற்றுங்கள். காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, கீழ் வலது மூலையில் குறிப்புச் சீட்டு ஒட்டுங்கள்: இடம், தேதி, வாழிடம், செடியின் உயரம், பூவின் நிறம், சேகரித்தவர் பெயர், வரிசை எண். நிறத்தை அன்றே எழுத வேண்டும், ஒரு வாரத்தில் மங்கிவிடும். நூறு ஆண்டுக்குப் பிறகு அந்தச் செடியைப் பார்க்கப்போகும் ஒருவருக்காக எழுதுகிறீர்கள் என்ற நினைவோடு அந்தச் சீட்டை எழுதுங்கள். இதில் மனம் ஒன்றினால் வகைப்பாட்டியல் உங்களுக்குப் பொருந்தும்.

இரண்டாவது, ஒரு முளைப்புச் சோதனை. ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள்: ஊறவைத்த விதை விரைவாக முளைக்கிறதா? ஊறவைத்தது, ஊறவைக்காதது என ஒவ்வொரு நிலைக்கும் 4 தட்டுகள், தட்டுக்கு 25 விதை. தட்டுகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இந்தக் கடைசி வரியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மாணவனாக இருந்தபோது உரமிட்ட தொட்டிகள் எல்லாவற்றையும் ஜன்னல் ஓரமாகவும், உரமிடாதவற்றைச் சுவரோரமாகவும் அடுக்கி, இரண்டு மாதம் ஆசையாக அளந்தேன். முடிவைக் காட்டியபோது ஆசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "வளர்ந்தது உரத்தாலயா, வெளிச்சத்தாலயா?" பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாத அளவுகளும் வீண். பிறகு படித்த எந்தப் புத்தகமும் அந்தக் கேள்வி அளவுக்கு எனக்குப் பாடம் சொல்லவில்லை.

மூன்றாவது, கணினிச் சோதனை. ஜிபிஐஎஃப் என்ற திறந்த தரவுத்தளத்தில் உலகெங்கும் பதிவான தாவர இருப்பிடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் இனத்தை எடுத்து, பதிவுகளைத் தரவிறக்கி, வரைபடத்தில் போடுங்கள். கடலுக்கு நடுவே சில புள்ளிகள் விழும். அவை ஏன் விழுந்தன, எப்படி நீக்குவது என்று தேடத் தோன்றினால் உங்களுக்குள் ஒரு தரவு ஆய்வாளர் இருக்கிறார்.

படி 4: இருபது விளம்பரங்களிலிருந்து பின்னோக்கி நடங்கள்

இதைச் செய்யும் மாணவர்கள் மிகக் குறைவு, செய்தவர்கள் யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை. உங்களுக்குப் பிடித்த திசையில், உண்மையான வேலை விளம்பரங்கள் இருபதைச் சேகரியுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்கள், விதை நிறுவனங்கள், தாவரவியல் பூங்காக்கள், அரசுத் துறைகள், துறைசார் சங்கங்களின் வேலைப் பக்கங்கள் எல்லாவற்றிலும் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்கும் பட்டம், திறன், அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு அட்டவணையில் எழுதுங்கள். எந்தச் சொல் பத்து முறைக்கு மேல் வருகிறதோ அதை நீங்கள் கற்க வேண்டும்.

அந்த அட்டவணை ஒரு முக்கியமான விஷயத்தையும் காட்டிவிடும். பல நாடுகளில் வேளாண் அலுவலர், தனிமைப்படுத்தல் அதிகாரி போன்ற அரசுப் பணிகளுக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டமே வேண்டும் என்ற விதி உண்டு. தூய தாவரவியலில் பட்டம் முடித்த பிறகு இது தெரிய வந்தால் திரும்பி வருவது கடினம். விதியைப் பட்டத்துக்கு முன்பே, அந்தத் துறையின் அறிவிக்கையிலேயே படித்துவிடுங்கள்.

படி 5: என்ன படிப்பது

பள்ளியில் உயிரியலோடு வேதியியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். "செடி படிக்கக் கணக்கு எதற்கு?" என்று கேட்டவர்கள் பின்னால் புள்ளியியலில் திணறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இளநிலையில் பட்டத்தின் பெயரைவிட அதற்குள் இருக்கும் பாடங்களைப் பாருங்கள். உடலியல், மரபியல், சூழலியல், வகைப்பாடு, உயிர்வேதியியல் ஐந்தும் இருக்கிறதா? செய்முறை வகுப்பு உண்மையில் நடக்கிறதா? கள வகுப்பு உண்டா? உயிர்த்தொழில்நுட்பம் என்ற கவர்ச்சியான பெயரில் செடியே இல்லாத பாடத்திட்டங்கள் இருக்கின்றன. மூன்று ஆண்டும் ஒரு முழுச் செடியை வேரோடு பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட இடம் என்றால் செடியை நீங்களே தேடிப் போக வேண்டியிருக்கும்.

எந்தப் பட்டம் எதுவரை கொண்டுபோகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளநிலையோடு ஆய்வகத் தொழில்நுட்பர், பசுமைக்குடில் பொறுப்பாளர், விதைத் தரப் பரிசோதகர், திசு வளர்ப்புப் பணி, கள உதவியாளர் போன்ற இடங்களில் நுழையலாம். முதுநிலை முடித்தால் சூழலியல் ஆலோசனை, தரக்கட்டுப்பாடு, ஒழுங்குமுறைத் துறை, விதை நிறுவனங்களின் வளர்ச்சிப் பிரிவு எனக் கதவுகள் கூடும். சொந்தமாக ஆராய்ச்சிக் கேள்வி எழுப்பி ஒரு குழுவை நடத்த வேண்டும் என்றால்தான் முனைவர் பட்டம் அவசியம். அடுத்து என்ன செய்வது என்று தெரியாததால் மட்டும் முனைவர் பட்டத்தில் சேராதீர்கள். அது நான்கைந்து ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும், ஒரு கேள்வியின்மேல் உண்மையான பசி இல்லாமல் தாண்டுவது கடினம்.

பட்டத்தோடு சேர்த்து மூன்று திறன்களைக் கைவசமாக்குங்கள். ஆர், பைதான் என்ற நிரல்மொழிகளில் ஏதாவது ஒன்றில் தரவைச் சுத்தம் செய்து வரைபடம் போடும் அளவு. புள்ளியியல், குறைந்தது சோதனை வடிவமைப்பும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும். மூன்றாவது எழுத்து. ஆராய்ச்சியாளரின் வேலையில் பெரும்பகுதி எழுதுவதுதான் என்று யாரும் முதலில் சொல்வதில்லை.

படி 6: ஓர் ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்

ஒரு விடுமுறையை ஆய்வகத்திலோ வயலிலோ கழிப்பது இரண்டு ஆண்டு யோசனைக்குச் சமம். அதற்கு வழி பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல்தான். பேராசிரியர்களுக்கு வரும் கடிதங்களில் பல, "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணியாற்ற மிகுந்த ஆர்வமாக உள்ளேன்" என்று தொடங்கி, நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போனவை. அவை திறந்த வேகத்திலேயே மூடப்படும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வறட்சியில் வேர் வளர்ச்சி குறித்துத் தங்கள் குழு சென்ற ஆண்டு வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மேல் மண்ணில் வேர்முடிகள் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆழ மண்ணிலும் அவற்றை எண்ணினீர்களா என்று அறிய விரும்புகிறேன். சென்ற பருவத்தில் நானே ஒரு முளைப்புச் சோதனை செய்து ஆர் மொழியில் பகுப்பாய்வு செய்தேன், இரண்டு பக்க அறிக்கை இணைத்துள்ளேன். மே நடுவிலிருந்து ஜூலை நடு வரை எட்டு வாரம் தங்கள் ஆய்வகத்தில் எந்த அடிப்படை வேலையையும் கற்றுச் செய்ய விரும்புகிறேன்."

இதில் புகழ்ச்சி இல்லை. படித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வி, செய்ததற்கு அடையாளமாக ஓர் அறிக்கை, தெளிவான தேதிகள், அவ்வளவே. படி 3இல் செய்த சோதனை இங்கே பயன்படுவதைக் கவனித்திருப்பீர்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். அந்தக் குழுவில் இருக்கும் ஆய்வு மாணவருக்கு எழுதினால் பல நேரம் விரைவாகப் பதில் வரும்.

இடம் கிடைத்ததும் முதல் வாரத்தில் பெரும்பாலும் தட்டு கழுவவும் மண் சலிக்கவும்தான் சொல்வார்கள். அதைக் கவனமாகச் செய்யுங்கள். திசு வளர்ப்பில் உங்கள் கைச்சுத்தத்தைப் பார்த்துத்தான் அடுத்த குடுவையைத் தருவார்கள். 1962இல் முரஷிகேயும் ஸ்கூகும் வகுத்த அதே ஊட்டக் கலவை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. அதைக் கலக்கும்போது ஓர் உப்பின் எடை தவறினால், என்ன தவறு என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போகும். குறிப்பேட்டில் தேதி போட்டு, தவறியதையும் அடித்து மறைக்காமல் எழுதும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

படி 7: முனைவர் பட்டம் என்று முடிவு செய்தால்

தலைப்பைவிட வழிகாட்டியை முதலில் தேர்ந்தெடுங்கள். அவருடைய இப்போதைய மாணவர்களோடும், விலகிப்போனவர்களோடும் தனியாகப் பேசுங்கள். சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கட்டுரையில் யாருடைய பெயர் முதலில் வருகிறது, வாராந்தரச் சந்திப்பு நடக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கு மாணவர்கள் தயங்காமல் பதில் சொன்னால் நல்ல இடம். தயக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்.

செலவு பற்றி ஒரு சொல். அறிவியலில் முனைவர் மாணவருக்கு உதவித்தொகையோ சம்பளமோ தரும் இடங்கள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பாவில் பல இடங்களில் அது பணியாளர் ஒப்பந்தமாகவே வரும், முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் பல திட்டங்கள் இளநிலையிலிருந்தே சேர்த்துக்கொண்டு, முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுற்றிப் பார்த்து வழிகாட்டியைத் தேர்வு செய்ய விடுகின்றன. நிதியில்லாத இடத்தை ஏற்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இங்கிலாந்தின் நோர்விச்சில் ஜான் இன்னஸ் மையம், ஜெர்மனியில் கொலோனிலும் கோல்மிலும் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள், மெக்சிகோவில் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்குமான சிம்மிட், லண்டனில் கியூ பூங்கா, பெரு நாட்டின் லீமாவில் உருளைக்கிழங்கு மையம் போன்றவற்றின் பயிற்சித் திட்டங்களை ஆண்டுதோறும் பாருங்கள். எந்தப் பயிர், எந்தக் கேள்வி என்று தேடினால் எந்த நிறுவனம் என்பது தானாகத் தெரியும். கரும்பின் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கிய இந்தியத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் ஜான் இன்னஸில் பணியாற்றி, சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டது அப்படி ஒரு கேள்வியின் பின்னால் போனதால்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழக வேலைக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று தற்காலிக ஒப்பந்தங்கள், ஊர் மாற்றம், நிச்சயமின்மை எல்லாம் இருக்கும். நிரந்தர இடங்களைவிட ஆட்கள் அதிகம். இதைச் சொல்லாமல் மாணவர்களை இழுப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். தொழில்துறை, பொது ஆராய்ச்சி நிலையம், ஒழுங்குமுறை அமைப்பு ஆகியவற்றின் வாசலையும் முதல் ஆண்டிலிருந்தே திறந்து வைத்திருங்கள்.

படி 8: ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டவணையைத் திறங்கள்

படி 4இல் செய்த அட்டவணையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஐந்து விளம்பரங்களைச் சேர்த்து, உங்களிடம் வந்துவிட்ட திறன்களுக்குப் பச்சை வண்ணம் அடியுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், அந்த ஆறு மாதத்தில் செய்த வேலைகளில் எது சலித்தது, எது சலிக்கவில்லை என்று எழுதுங்கள். வயல்தான் என் இடம் என்று தொடங்கி, மூன்றாவது பருவத்தில் தரவுப் பக்கம் நகர்ந்தவர்கள் உண்டு. ஆய்வகத்திலிருந்து காட்டுக்குப் போனவர்களும் உண்டு. முதல் பத்தியும் இரண்டாவது பத்தியும் ஒன்றோடொன்று முரண்பட்டால், அடுத்த விடுமுறைக்கு எழுதும் கடிதத்தை வேறு வகை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.